சிலுவையும் பில் புத்தகமும்: சேலத்துத் தம்பி ஒருவருக்குப் பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இந்தப் பதில் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களுக்கு 26 வயது. தகப்பனார் இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் தாய்மாமன் நடத்தும் கொலுசுப் பட்டறையில் கணக்கும் பில்லும் பார்க்கிறீர்கள். நீங்களும் தாயாரும் தங்கையும் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றீர்கள், மாமா பெறவில்லை. சென்ற மாதம் ஓர் உபவாசக் கூட்டத்தில் லூக்கா 14-ஆம் அதிகாரத்தை வாசித்த பிரசங்கியார், தாயை வெறுக்காதவன் சீஷன் (சீடன்) அல்ல, வேலையை விட்டு ஊழியத்துக்கு வா, விலை கொடு என்று அழைத்தபோது, அது உங்களை நோக்கியே சொன்னது போல இருந்ததால் எழுந்து நின்றுவிட்டீர்கள். சர்க்கரை நோயுள்ள தாயாரையும் திருமண வயதில் இருக்கும் தங்கையையும் விட்டுப் போவதுதான் சிலுவை சுமப்பதா, அவர்களோடு இருந்து பாடுபடுவதுதான் சிலுவையா, உண்பதிலும் உடுப்பதிலும் எவ்வளவு தூரம் தன்னை ஒறுக்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கு நடுவே, ஏதோ பேச்சுவாக்கில் சொல்வது போல, "மாமா சில சமயம் டச் (வெள்ளியின் தர அளவு) கூட்டிப் பில் போடச் சொல்கிறார், அது வேறு மனதை உறுத்துகிறது" என்று அரை வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த அரை வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், உங்களைக் கலங்கடித்த அந்தச் சொல். நம் வீடுகளில் இருக்கும் பழைய வேதாகமம், ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதில் சீஷத்துவத்தைப் பற்றி லூக்கா எழுதிய மூன்று வசனங்களில் 'வெறு' என்ற ஒரே வினை வருகிறது. 9:23-இல் "தன்னைத்தான் வெறுத்து". 14:26-இல் தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் "வெறுக்காவிட்டால்". 14:33-இல் "தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாவிட்டால்". தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்குத் தன்னையும் தாயையும் உடைமையையும் ஒரே மனநிலையோடு அருவருத்துத் தள்ளச் சொல்வது போலத் தோன்றும். ஆனால் கிரேக்க மூலத்தில் அவை மூன்றும் வெவ்வேறு வினைகள். மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. உலகத்தை வெறுத்துச் சாமியாராகப் போனார் என்று நாம் சொல்லும்போது பகையையா சொல்கிறோம்? பற்று விட்டதைத்தான் சொல்கிறோம். அந்தப் பொருள் தமிழில் உண்டு. இன்றைய காதுக்கு அது முதலில் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குடும்பத்தைப் பற்றிய 14:26-இல் மட்டுமே மூலச்சொல் உண்மையில் வெறுப்பைக் குறிக்கும் சொல். ஆனால் அது எபிரேயப் பேச்சு வழக்கில் வேரூன்றிய சொல். ஆதியாகமம் 29-இல் யாக்கோபு லேயாளைக் காட்டிலும் ராகேலை அதிகமாய் நேசித்தான் என்று ஒரு வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்தின் எபிரேயம் லேயாள் வெறுக்கப்பட்டாள் என்கிறது. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர்கள் "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று நயமாக எழுதிவிட்டார்கள். இரண்டில் ஒன்றுக்கு முதலிடம் கொடுக்கும்போது மற்றதை 'வெறுத்ததாக'ச் சொல்வது அந்த மக்களின் பேச்சு முறை. மத்தேயு இதே போதனையை 10:37-இல் "தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல" என்று விளங்கவே எழுதிவிட்டார். பிரசங்கியார் இந்த வசனத்தையும் சேர்த்து வாசித்திருந்தால், நீங்கள் அன்று இரவு தூக்கமில்லாமல் புரண்டிருக்க வேண்டியதில்லை.

தாயைக் கைவிடுவதை இயேசு பக்தி என்று ஏற்கவில்லை என்பதற்கு மாற்கு 7-ஆம் அதிகாரமே போதும். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்கென்று நேர்ந்துவிட்ட காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை அவர் கடிந்துகொண்டார். ஊழியத்தின் பேரில் தாயின் இன்சுலின் செலவைத் தட்டிக்கழிப்பது இன்றைய கொர்பான் அல்லாமல் வேறென்ன? சிலுவையில் தொங்கும்போதும் அவர் தம் தாயை ஒரு சீஷனின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டே உயிர்விட்டார். தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் சொல்கிறது. முழுநேர ஊழியம் செய்ய அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அழைப்பும் சீஷத்துவமும் ஒன்றல்ல. தராசு பிடிக்கிறவனும் சீஷனாகலாம், பிரசங்கபீடத்தில் நிற்கிறவன் சீஷனாகாமலே போகவும் கூடும்.

இனி, "தன்னைத்தான் வெறுத்து" என்பது. இங்கே மூலத்தில் இருப்பது மறுதலித்தல். பேதுரு குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில் "ஸ்திரீயே, அவனை அறியேன்" என்று சொன்னானே, அதற்கு வழங்கும் அதே சொல். இரண்டாம் தீமோத்தேயு 2:13-இல் தேவன் "தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்" என்று நம் வேதாகமமே அச்சொல்லைச் சரியாகப் பெயர்த்திருக்கிறது. ஆகவே தன்னை வெறுத்தல் என்பது தன் உடம்பை, தன் முகத்தை, தன் பிறப்பை அருவருப்பதன்று. பேதுரு எஜமானைப் பற்றிச் சொன்னதை, நீங்கள் உங்கள் உள்ளே உட்கார்ந்து அதிகாரம் செய்யும் ஒருவனைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: இவனை அறியேன், இவன் எனக்கு எஜமான் அல்ல. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு இதைத் "தன்னலம் துறந்து" என்று எழுதுகிறது. அழகான தமிழ், ஆனாலும் எனக்கு அது ஒரு படி குறைவாகவே படுகிறது. தன்னலத்தைத் துறப்பவன், துறக்கிற 'தான்' என்பவனைப் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியும்; எவ்வளவு துறந்தேன் என்று அவன் கணக்கும் எழுதிக்கொள்வான். மறுதலிக்கப்பட்டவனுக்குக் கணக்குப் புத்தகமே கிடையாது.

மூன்றாவது, உடைமை. 14:33-இல் மூலச்சொல் விடைபெறுதலைக் குறிக்கும். லூக்கா 9:61-இல் ஒருவன், வீட்டாரிடம் "அனுப்புவித்துக்கொண்டு" வர அனுமதி கேட்கிறானே, அங்கும் அதே சொல்தான். ஊருக்குப் புறப்படுகிறவன் வாசலில் நிற்பவர்களிடம் போய்வருகிறேன் என்பது போல, உடைமையிடம் விடை சொல்லிவிட வேண்டும் என்பது பொருள். விடை சொன்னபிறகு அந்தப் பொருள் எங்கே இருக்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபட்டிருக்கிறது. ஐசுவரியவானாகிய ஒரு மனிதனிடம் இயேசு எல்லாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார். சகேயு என்ற வரி வசூல்காரன் பாதியைக் கொடுக்கிறேன் என்றபோது மறுபாதி எங்கே என்று கேட்கவில்லை. ஆயக்காரனாகிய, அதாவது வரி வசூலிப்பவனாகிய, லேவியைப் பற்றி லூக்கா 5:28, "எல்லாவற்றையும் விட்டு" எழுந்து பின்சென்றான் என்கிறது. அடுத்த வசனத்திலேயே அவன் "தன் வீட்டிலே" பெரிய விருந்து பண்ணுகிறான். விட்ட வீட்டில் எப்படி விருந்து? விடைபெற்றவனுடைய வீடு, அதற்குப் பிறகு அவனுடைய ஆயக்கார நண்பர்கள் இயேசுவோடு பந்தியிருக்கும் இடமாகிவிட்டது.

இதையெல்லாம் சொல்வதால் வசனம் இலகுவாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அதே அதிகாரத்தில் வரும் கோபுர உவமையைப் பாருங்கள். கோபுரம் கட்ட நினைக்கிறவன் "முன்பு அவன் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பாராமலிருப்பானோ" என்கிறார். பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்கப் போகிற ராஜாவும் உட்கார்ந்துதான் ஆலோசனை பண்ணுகிறான். வீட்டைக் கட்டிப் பார் என்கிற ஊரில், அஸ்திவாரம் போட்டுத் தூண் எழுப்பிக் கம்பி நீட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்கிற வீடுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த உவமைக்கு விளக்கவுரை தேவையில்லை. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அந்த வினையைத்தான். இயேசு உட்காரச் சொன்னார். நம் கூட்டங்களிலோ இரவு பத்து மணிக்குக் கீபோர்டு மெதுவாக ஒலித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நிற்கச் சொல்கிறோம். எழுந்து நின்றது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. எழுந்தவர் மறுநாள் காலையில் உட்கார்ந்தாரா என்பதுதான் கேள்வி. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம் வந்திருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் இதைச் சொன்னது தம் பின்னால் ஆள் குறைந்திருந்த வேளையில் அல்ல, "அநேக ஜனங்கள்" கூடப் பிரயாணமாய் வந்துகொண்டிருந்தபோது. கூட்டத்தைப் பார்த்ததும் விலையைக் குறைக்கிறவர்கள்தான் வியாபாரிகள்.

சிலுவை என்ற சொல்லுக்கு வருவோம். அதை நாம் மிகவும் மழுங்கடித்துவிட்டோம். மூட்டுவலியும் கடனும் அடங்காத பிள்ளையும் எல்லாமே "என் சிலுவை" என்றாகிவிட்டன. அதைக் கேட்ட கலிலேயருக்குச் சிலுவை உவமை அல்ல. யூதேயாவின் ராஜாவாகிய பெரிய ஏரோது இறந்த கிமு 4-இல் எழுந்த கலகத்தை அடக்கிய ரோமத் தளபதி வாருஸ், ஏறக்குறைய 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். தண்டனை பெற்றவன் குறுக்கு மரத்தைத் தானே சுமந்துகொண்டு தெருவழியே போவான், ஊரார் ஏசுவார்கள், அவன் திரும்பி வரமாட்டான். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய அந்த அவமானச் சாவைத்தான், 'அனுதினமும்' என்ற சொல்லையும் கூட்டி, லூக்கா நம் கையில் கொடுக்கிறார்.

ஆகவே உங்கள் தாயாரின் சர்க்கரை நோய் உங்கள் சிலுவை அல்ல. அது நோய், பக்தி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் வரும், அதற்கு மருத்துவமும் பத்தியமும் உங்கள் பொறுமையும் வேண்டும். பெற்ற தாயை மனதுக்குள் சிலுவை என்று பெயரிட்டுச் சுமக்கிற மகனோடு வாழ்வது அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? இயேசுவைப் பின்பற்றாமல் இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய, பின்பற்றுவதாலேயே வந்து சேர்கிற இழப்புக்கும் அவமானத்துக்கும்தான் சிலுவை என்று பெயர். இந்த வரையறையை நான் அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைச் சிலுவையாக நினைத்துச் சுமக்கும்படி பெண்களுக்குப் புத்தி சொல்லி அனுப்பிவைத்த மூப்பர்களை என் காலத்தில் கண்டிருக்கிறேன். அது போதனையே அல்ல, கொடுமை. அடிபடும் பெண்ணுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதை நாடச் சொல்வதுதான் மேய்ப்பனின் வேலை.

நம் மண்ணில் துறவுக்கு ஆழமான மரபு இருப்பதால், இயேசுவின் சொல்லையும் அந்த மரபின் கண்ணாடி வழியாகவே பார்த்துவிடுகிறோம். "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்" என்கிறார் வள்ளுவர். எதை எதை விட்டானோ அதனால் அதனால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை. எத்தனையோ முறை என்னைத் தேற்றிய குறள் அது. ஆனால் இயேசுவின் கணக்கு எதிர்த்திசையில் போகிறது. விட்டவனுக்கு நோவு குறையும் என்று அவர் சொல்லவில்லை. மாற்கு 10:30-இல் வீட்டையும் நிலத்தையும் விட்டவனுக்கு இம்மையிலேயே நூறத்தனையாகக் கிடைக்கும் என்று சொல்லும்போதே, "துன்பங்களோடேகூட" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார். துறவி அமைதியை நாடி விடுகிறார். சீஷன் ஒருவருக்குப் பின்னால் போவதற்காக விடுகிறான், போகிற வழி எருசலேமுக்குப் போகிறது. இரண்டையும் ஒப்பிட்டு உயர்வு தாழ்வு பேச நான் வரவில்லை. குழப்பிக்கொண்டால் இரண்டுமே கைநழுவிப் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உணவு, உடை பற்றிக் கேட்டீர்கள். ஒருசந்தியும் (ஒரு வேளை மட்டும் முழு உணவு) சுத்தபோசனமும் (இறைச்சி விலக்கல்) கத்தோலிக்கரிடம் ஒழுங்காக வழங்குகின்றன. நம் சபைகளிலும் லெந்து என்னும் தவக்கால நாள்களில் இறைச்சியை விடுகிறவர்கள், பூ வைப்பதை விடுகிறவர்கள் உண்டு. நல்ல பயிற்சிகள், அதற்கு மேல் அவற்றைப் பெரிதாக்க வேண்டாம். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இளவயதில் ஒரு சாம்பல் புதன்கிழமை, நாற்பது நாளும் காப்பி குடிப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஏற்காட்டில், வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி நிற்க, காப்பியை விடுவது சாமானியமா என்று எனக்கே என்மேல் வியப்பு. காலையில் தலைவலி, மாலையில் எரிச்சல். வீட்டில் யார் வாய் திறந்தாலும் வள்ளென்று விழுந்தேன். அந்த நாற்பது நாளும், வேலி ஓரத்தில் நாலடி நிலத்துக்காகப் பேச்சை நிறுத்தியிருந்த என் அண்ணனுடைய வாசலைக் கடந்துதான் தினமும் ஆலயத்துக்குப் போனேன். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று இரண்டு டம்ளர் காப்பி குடித்தேன். அண்ணனோடு பேசுவதற்கு இன்னும் மூன்று ஆண்டு ஆயிற்று. விலை வேலி ஓரத்தில் கேட்கப்பட்டது, நான் அதைச் சமையலறையில் செலுத்திக்கொண்டிருந்தேன்.

ஏசாயா 58-ஆம் அதிகாரம் என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. உபவாச நாளிலேயே தங்கள் இஷ்டப்படி நடந்து, வேலையாள்களைக் கசக்கிப் பிழிகிறவர்களைப் பார்த்துத் தீர்க்கதரிசி பேசுகிறார். பவுலும் 1 கொரிந்தியர் 13:3-இல், உள்ளதையெல்லாம் அன்னதானம் பண்ணி உடம்பையே நெருப்புக்குக் கொடுத்தாலும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்கிறார். விலை கொடுப்பதிலும் நாம் விருப்பம்போலத் தேர்ந்தெடுக்கும் விலையை மட்டுமே கொடுக்கும் சாமர்த்தியம் மனித மனத்துக்கு உண்டு. தமிழ்ச் சபைகளில் இதற்கு மிகப் பெரிய சான்று சாதி. நாற்பது நாள் உபவாசம் இருக்கத் தயங்காத குடும்பம், பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது விசுவாசத்தை இரண்டாவதாகவும் சாதியை முதலாவதாகவும் கேட்கிறது. 'இவனை அறியேன்' என்று சொல்லப்பட வேண்டிய ஆள் அங்கே மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

விலை எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். லண்டன் மிஷன் சங்கம் 1827-இல் சேலத்தில் பணி தொடங்கியபோது, மதம் மாறியவர் குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை இழக்க வேண்டியிருந்தது. 1850-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டம்தான் அந்த இழப்பை நீக்கியது. பிழைப்பும் போய்விடும் என்பதால்தான், சேலத்தில் பணிசெய்த மிஷனரி லெக்லர் ஐயர் போன்றவர்கள் வேதபாடத்தோடு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். இன்றும் கணக்கு முடியவில்லை. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் 3-ஆம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். இங்கே ஏற்காட்டு மலைமேல் வாழும், கேரளத்தவரல்லாத மலையாளி மக்களோ பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். அந்தப் பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லை. ஆகவே மலையில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் சான்றிதழ் மாறாது, மலையடிவாரத்துச் சேரியில் ஒருவர் பெற்றால் மகளுடைய கல்லூரி இடமும் வேலையும் கேள்விக்குறியாகிவிடும். சான்றிதழில் ஒரு பெயரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயருமாக வாழ்கிறவர்களை நான் அறிவேன். அவர்களுக்குச் சீஷத்துவத்தின் விலையைப் பற்றிப் பிரசங்கிக்கிற தகுதி, நிலமும் ஓய்வூதியமும் உள்ள என்னைப் போன்றவனுக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. அரசு விதித்த விலையை அவர்கள் தலைமேல் சுமத்திவிட்டு, அதைக் கிறிஸ்து விதித்தது போலப் பேசுவதும் சரியல்ல.

இப்போது அந்த அரை வரி. வெள்ளித் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டச் என்பது நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. 100 கிராம் எடையுள்ள கொலுசு 70 டச் என்றால் அதில் 70 கிராம் வெள்ளி, மீதி செம்பு முதலிய உலோகம். அதையே 80 என்று எழுதிவிட்டால், இல்லாத 10 கிராம் வெள்ளிக்கு யாரோ ஒருவர் பணம் கட்டுகிறார். கடைசியில் அந்தப் பத்துக் கிராம், அவசரத்துக்குக் கொலுசை விற்க வருகிற ஏதோ ஒரு பெண்ணின் காலில் இருந்துதான் போகிறது. தங்கத்துக்கு 2021-இல் ஹால்மார்க் கட்டாயமானது போல வெள்ளிக்கு ஆகவில்லை. ஆகவே பில்லில் எழுதுகிறவனுடைய கைதான் அங்கே முத்திரை. நீங்கள்தான் அந்தக் கை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்ற நீதிமொழி வசனத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வேறு விளக்கம் வேண்டுமா?

யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றும், சம்பளமே போதுமென்று இருங்கள் என்றும் சொன்னார். ரோமரின் வரி வசூலில் அதிகமாய் வாங்காத ஆயக்காரன் எத்தனை நாள் அந்த வேலையில் நிலைத்திருப்பான் என்பது வேறு விஷயம். தம்பி, எழுந்து நின்ற அந்த இரவில் நீங்கள் வேலையை விடத் தயாராக இருந்தீர்கள். வேலையில் இருந்துகொண்டே உண்மையான டச்சை எழுதத் தயாராக இருந்தீர்களா? முன்னதற்குச் சபையில் சாட்சி சொல்லலாம், கைதட்டல் கிடைக்கும். பின்னதற்கு மாமாவின் முகம் கோணும், அவ்வளவுதான் கிடைக்கும். உங்களிடம் கேட்கப்பட்ட விலை இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது. ஊழியத்துக்குப் போவது, இதிலிருந்து தப்பிப்போகும் வழியாகவும் இருக்கக்கூடும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. பைபிளைத் திறந்தே பாராமல் கடுகளவும் பிசகாத டச்சில் தொழில் செய்கிறவர்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆகவே அவர் ஞானஸ்நானம் பெறாததுதான் காரணம் என்று எண்ண வேண்டாம். தகப்பனில்லாத உங்கள் வீட்டில் இத்தனை ஆண்டு அடுப்பெரிந்தது அவரால்தான். தங்கையின் திருமணத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்து சபையில் நிற்கப் போகிறவரும் அவர்தான். இந்த உறவை முறித்துக்கொள்ள நேரிட்டால் அந்தச் சீரும் சேர்ந்து முறியலாம். சிலுவை என்று நான் மேலே சொன்னதன் பொருள் உங்கள் விஷயத்தில் இவ்வளவு சாதாரணமான உருவத்தில் வந்திருக்கிறது.

ஆகவே உட்காருங்கள். முதலில் தாயாரோடு, தன் தம்பிக்கும் மகனுக்கும் நடுவே நிற்கப் போகிறவர் அவர், அவருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். வாடகை, மருந்து, சீட்டுத் தவணை எல்லாவற்றையும் எழுதி, சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல, கோபுரம் கட்டுகிறவனின் கணக்கு. அந்தக் காகிதத்தை உங்கள் ஆயரிடமும் காட்டுங்கள். அப்போஸ்தலர் 4-இல் நிலத்தை விற்றுக் கொண்டுவந்து வைத்தவர்கள் இருந்ததால்தான் மற்றவர்கள் விலை கொடுக்க முடிந்தது. விலையைப் பற்றிப் பிரசங்கிக்கிற சபை அதில் தன் பங்கைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால், அந்தப் பிரசங்கத்தை நிறுத்திக்கொள்வது மேல். பிறகு, பட்டறை ஆள்கள் இல்லாத வேளையில் மாமாவிடம் பேசுங்கள். வசனம் சொல்ல வேண்டாம், சிலுவை என்ற சொல்லே வர வேண்டாம். இருக்கிற டச்சைத்தான் இனி எழுதுவேன், இல்லாவிட்டால் பில் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு எனக்குப் பட்டறையில் வேறு வேலை கொடுங்கள், கூலி குறைந்தாலும் சரி என்று சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளவும் கூடும். தன் அக்காள் மகன் கையெழுத்துக்குத் தெருவில் மதிப்பு இருப்பது அவருக்கும் லாபம் என்று அவருக்குத் தெரியாதா? ஒப்புக்கொள்ளாவிட்டால் அப்போது வேலையை விடுங்கள், அப்போது அது விடுவதாக இருக்கும்.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஏற்கெனவே நீங்கள் எழுதிய பில்கள். சகேயு, அநியாயமாய் வாங்கினது உண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். நீங்கள் சம்பளக்காரர், லாபம் உங்கள் பைக்கு வரவில்லை, எல்லாக் கடைகளின் பெயரும் நினைவில் இருக்காது. இதில் உங்கள் பொறுப்பு எவ்வளவு என்பதை ஒரே கடிதத்தில் தீர்த்துவிட எனக்குத் துணிவில்லை. நினைவில் இருப்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும் எனக்குச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி நான் சேலத்துக்கு வருகிறேன், அதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.